வேலூர் வீட்டுச் சுவரில் கிடார்களை மாட்டும் முன்

சத்துவாச்சாரியில் சொந்த வீட்டின் முதல் மாடி அறையில், 12 அடி நீளமுள்ள ஒரு சுவரில் ஏழு கிடார்களை மாட்டி வைக்க விரும்புகிறீர்கள். அவற்றில் இரண்டு ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக், ஒன்று நைலான் கம்பி கிளாசிக்கல், மூன்று எலக்ட்ரிக், ஒன்று பேஸ். தலைப்பகுதியில் தொங்கவிட்டால் கழுத்து வளைந்துவிடுமா, சுவர் பாரம் தாங்குமா, ஆசாரி சொல்வதுபோல் கண்ணாடி அலமாரியே செய்துவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இப்போதைக்கு ஆணியில் மாட்டியிருக்கும் கிடார் இரவில் தானாக ஒலிக்கிறது என்று அம்மா பயப்படுவதையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் விடை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கழுத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். லைட் வகைக் கம்பிகள் பூட்டிய ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கைச் சரியான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். வழக்கமான 10-46 கம்பி (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 முதல் 46 பங்கு) பூட்டிய எலக்ட்ரிக்கில் அது 45 கிலோவை ஒட்டியும், கிளாசிக்கலில் 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். இரவும் பகலும் அந்த இழுவையைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கழுத்துக்கு, கிடாரின் சொந்த எடையான 2 முதல் 4 கிலோ ஒரு பொருட்டே அல்ல. மேலும் அந்த எடை கழுத்தை வளைக்கும் திசையில் விழுவதில்லை. நீளவாக்கில் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. கழுத்து வளைவதும், கம்பிகளை உடலோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பெயர்வதும், மேல் பலகை வெடிப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றுக்குக் காரணம் கொக்கி அல்ல. வெப்பமும் காற்றின் ஈரப்பதமுமே. ஆகவே எந்தக் கொக்கி வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தச் சுவர் என்பதை முடிவு செய்தாக வேண்டும். நம் ஊரில் இந்த வேலையின் முக்கால் பங்கு அதிலேயே முடிந்துவிடுகிறது.

வேலூர் கடலிலிருந்து தள்ளி, சுற்றிலும் பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. சென்னையில் கம்பிகளையும் சுருதிச் சாவிகளையும் அரிக்கும் உப்புக் காற்று இங்கே இல்லை என்பது நமக்குக் கிடைத்த சலுகை. அதற்கு ஈடாக வெயில் நம்மை விடுவதில்லை. கத்திரி நாட்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. பகலெல்லாம் சூடேறிய பாறைகள் இரவிலும் அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களின் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அதே அறையில் 80-ஐத் தாண்டும். மார்ட்டின், டெய்லர் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் கிடார்களுக்குக் கேட்பது 45 முதல் 55 விழுக்காடு வரை. ஆண்டின் இரு முனைகளிலும் நாம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறோம்.

மரம் தன் நீளவாக்கில் அதிகம் அசையாது. அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். காற்று வறண்டால் கழுத்தின்மேல் விரல் வைக்கும் ஃபிரெட் பலகை அகலம் குறைந்து, ஃபிரெட் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். அக்கூஸ்டிக்கின் மேல் பலகை ஒலித்துளையைச் சுற்றித் தாழ்ந்து, கம்பிகள் ஃபிரெட்டில் உரசி இரையும். அதையும் கவனிக்காமல் விட்டால் இழை வழியே பலகை வெடிக்கும். ஈரம் கூடினால் நேர்மாறாக மேல் பலகை உப்பி, கம்பி உயர்ந்து, விரல் வலிக்கும். இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் ஒற்றை மரப்பலகையால் செய்த அக்கூஸ்டிக்குக்குத்தான். ஒட்டுப்பலகை மேல்பாகம் கொண்ட விலை குறைந்த கிடார்கள் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எலக்ட்ரிக்கின் உடல் தடித்த மரக்கட்டை என்பதால் அதன் கழுத்தைத் தவிர மற்றவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் ஏழில் எவை எந்த வகை என்று முதலில் பிரித்துவிடுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

இப்போது சுவருக்கு வருவோம். முதல் மாடி என்கிறீர்கள். மேலே வேறு தளம் இல்லையென்றால் கான்கிரீட் கூரையின் சூடும் அறைக்குள் இறங்கும். அத்தகைய அறையில் மேற்குப் பார்த்த வெளிச்சுவரை அடியோடு மறந்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு உள்பக்கப் பூச்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அந்தச் சூடு சுவரைக் கடந்து உள்ளே வந்து சேர்வதற்குள் சூரியனே மறைந்திருக்கும், ஆனால் சுவர் நள்ளிரவு வரை ஆறாது. தெற்குச் சுவர் கோடையில் அவ்வளவு கெடுதல் இல்லை. நம் அட்சரேகையில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. தெற்குச் சுவரை அது தாக்குவது மழைக்காலத்துக்குப் பின்னான மாதங்களில்தான். வாஸ்து பார்ப்பவர்கள் பாரமான பொருள்களைக் கன்னி மூலையில் வைக்கச் சொல்வார்கள். அலமாரிக்கும் பீரோவுக்கும் அது பொருந்தலாம். மேல்மாடியின் தென்மேற்கு மூலை வீட்டிலேயே அதிகச் சூட்டை வாங்கும் இடம் என்பதால், கிடாருக்கு அந்தச் சாஸ்திரத்தைத் தளர்த்திக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகச் சிறந்தது இரு அறைகளுக்கு நடுவே நிற்கும் உட்சுவர். அதன் இரு பக்கமும் வீட்டுக் காற்றே இருப்பதால் வெயிலும் மழையும் அதை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறையாக இருக்கக் கூடாது. ஓதம் காத்து, பூச்சு உப்பி, பெயிண்ட் உதிரும் சுவரில் கிடாரின் முதுகு பட்டுக்கொண்டிருந்தால், மழைக்காலத்தில் முதுகில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். சமையலறையை ஒட்டிய சுவரில் தாளிப்பின் எண்ணெய்ப் புகை தூசியோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டும். சன்னலுக்கு நேர் எதிர்ச்சுவர் கண்ணுக்கு அழகுதான், ஆனால் நாளின் எந்த வேளையிலும் நேர் வெயில் அதன்மேல் விழுகிறதா என்று ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து கவனியுங்கள். வெயில் பட்ட பாலிஷ் மஞ்சள் பூக்கும். பக்கவாட்டில் தொங்கும் தோள்வாரின் நிழல் விழுந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நின்று தடமாகும்.

ஏர் கூலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அது இருப்பதில்லை. இங்கே பாதி வீடுகளில் கோடையைக் கடத்துவது கூலர்தான். சன்னலில் வைத்த கூலர் அறைக்குள் தள்ளுவது ஈரக்காற்று. அது நேராகக் கிடார்மேல் அடித்தால், பகலில் நனைந்தும் கூலர் நின்ற இரவில் வறண்டும் மரம் ஒரே நாளில் இரு பருவத்தையும் பார்த்துவிடும். அதே கூலர் அறையின் மறு மூலையில், கிடார்களின் பக்கம் திரும்பாமல் ஓடினால், வறண்ட மாதங்களில் ஈரப்பதத்தை 45-க்கு மேல் நிறுத்த உதவும். சன்னல் ஒன்று சற்றுத் திறந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஏசியின் குளிர்காற்று வாய்க்கு நேராகவும் மாட்டக் கூடாது. சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றைச் சுவரில், கிடார்களின் நடு உயரத்தில் ஒட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கருவி, இந்த வேலைக்கு நீங்கள் வாங்கப்போகும் எதையும்விடப் பயனுள்ளது.

சுவரைத் தேர்ந்ததும் அது எதனால் கட்டப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். வீடு கட்டியபோது உடனிருந்தவர்கள் சொல்லலாம். சொல்லாவிட்டால் சுவரே சொல்லும். துளை போடும் இடத்துக்குக் கீழே ஒரு பழைய தபால் உறையின் வாயைத் திறந்து டேப்பால் ஒட்டிவிட்டு, 6 மில்லிமீட்டர் பிட்டால் சோதனைத் துளை ஒன்று போடுங்கள். உறையில் விழும் பொடியைப் பாருங்கள். முதல் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சாம்பல் நிறப் பொடி வரும். அது சிமெண்ட் பூச்சு. அதன்பின் செங்கல் சிவப்பில் சீராக வந்தால் கவலையே இல்லை. சிவப்பு வந்துகொண்டிருக்கும்போதே பிட் சட்டென்று வழுக்கி உள்ளே போய், மணல் மணலாகக் கொட்டினால், கல்லைத் தவறவிட்டு இணைப்புச் சாந்தில் இறங்கியிருக்கிறீர்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள். சாம்பல் பொடியே தொடர்ந்து வந்து, பிட் முனகிக்கொண்டு நகர மறுத்தால், அது கான்கிரீட் தூணோ பீமோ. சாதாரண டிரில்லால் மல்லுக்கட்டாமல் ரோட்டரி ஹேமர் வைத்திருப்பவரை அழையுங்கள். வெளிர் சாம்பல் அல்லது வெள்ளைத் தூள் மாவாகக் கொட்டி, வெண்ணெயில் இறங்குவதுபோல் பிட் இறங்கினால், ஏஏசி எனப்படும் காற்றுக் குமிழ்க் கல். புதிய அடுக்ககங்களில் இப்போது இதுதான் பரவலாக இருக்கிறது. அதில் டிரில்லின் ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிட வேண்டும். திருகைப் பிடிக்கத் துளைக்குள் இறக்கும் சாதாரணப் பிளக் பிடிக்காது, அந்தக் கல்லுக்கென்றே செய்த திருகு வடிவ நைலான் ஆங்கரைக் கேட்டு வாங்குங்கள். ஹாலோ பிளாக் என்றால், சற்றுத் தூரம் கடினமாக இருந்துவிட்டுப் பிட் வெற்றிடத்துக்குள் பாயும். அங்கே உள்ளே போய் விரியும் வகைப் பிளக்தான் நிற்கும்.

துளை போடுமுன் மின்கம்பி போகும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், சுவர் விளக்குக்குப் போகும் நேர்கோட்டிலும் குழாய் புதைந்திருக்கும்; அந்தக் கோடுகளிலிருந்து ஒரு சாண் விலகி நில்லுங்கள். நம் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் நேர்கோட்டில்தான் குழாய் இழுத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பதால், ஐயம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரி டிரில்லால் வேலை செய்வது நல்லது.

சுவர் தாங்குமா என்ற கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். 4 கிலோ எடையுள்ள எலக்ட்ரிக் ஒன்று, சுவரிலிருந்து 12 சென்டிமீட்டர் நீண்ட கொக்கியில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கித் தகட்டின் கீழ் விளிம்புக்கும் மேல் திருகுக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை சுமார் 8 கிலோ. செங்கல்லில் ஒழுங்காக இறங்கிய 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு இது சுமையே அல்ல. அவசரமாகக் கிடாரை இழுத்து எடுக்கும் அதிர்ச்சியையும் அது தாங்கும். ஆனால் ‘செங்கல்லில் இறங்கிய’ என்பதுதான் முக்கியம். கொக்கியோடு டப்பாவில் வரும் சிறிய திருகின் நீளம் பெரும்பாலும் 40 அல்லது 50 மில்லிமீட்டர்தான். அதில் கணிசமான பகுதி பூச்சிலேயே செலவாகிவிடுகிறது. அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நீளமானதை ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்குங்கள்.

ஏழு கிடார்களுக்கு ஏழு தகடு, பதினான்கு துளை என்று சுவரைச் சல்லடையாக்குவதைவிட, குறுக்காக ஒரு நீளப் பலகையைச் சுவரில் அடித்து அதன்மேல் கொக்கிகளைத் திருகுவதையே நான் பரிந்துரைப்பேன். 10 சென்டிமீட்டர் அகலமும் 19 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள மரைன் பிளைவுட் பட்டை போதும். தேக்கு ரீப்பர் கிடைத்தால் இன்னும் அழகு, செலவும் அதற்கேற்ப. பலகையைச் சுவரோடு பிடிக்கும் திருகுகளைச் செங்கல் நன்றாக இருக்கும் இடங்களில் மட்டும், ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். கொக்கிகளை அதைப் பற்றிய கவலையே இல்லாமல் வேண்டிய இடத்தில் வைக்கலாம், பிறகு நகர்த்தவும் செய்யலாம். திருகின் நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: பலகை 19, பூச்சு 15, ஆக 34 மில்லிமீட்டர் போன பின்புதான் செங்கல் தொடங்குகிறது, 50 மில்லிமீட்டர் திருகு செங்கல்லுக்குள் போவது வெறும் 16. ஆகவே 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த திருகு இங்கே உதவாது. பிளக்கும் பூச்சில் நின்றுவிடாமல், செங்கல்லுக்குள் முழுதாக மறையும்வரை தட்டி இறக்கப்பட வேண்டும். உட்சுவர் நாலரை அங்குலச் சுவராக இருந்தால் துளை ஆழம் 70 மில்லிமீட்டரைத் தாண்டாதபடி பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையின் பூச்சு பெயரக் கூடாது. பலகையை ரசமட்டம் வைத்துத்தான் அடிக்க வேண்டும். கண்மட்டத்தை நம்பினால் ஏழு கிடார்கள் வரிசையாகத் தொங்கும்போது விரல்கடைச் சாய்வும் தெரியும். பிளைவுட்டின் வெட்டிய ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் பெயிண்ட் அடிக்க ஆசாரிகள் மறப்பார்கள்; கரையானும் ஈரமும் நுழைவது அங்கேதான்.

கொசப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் இருக்கும் வீடுகளிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காக ஒரு சொல். சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த பழைய சுவர்களில் பூச்சே ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கும்; ஹேமர் டிரில்லை வைத்தால் கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். அங்கே சுவரில் பாரத்தையே ஏற்றாமல், தரையில் ஊன்றி நிற்கும் இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே பலகையைப் பொருத்தி, சாயாமல் இருப்பதற்கு மட்டும் மேலே ஓரிரு இடங்களில் சுவரோடு கட்டிவிடலாம். துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டுக்கும் இதே வழிதான்.

கொக்கியில் கவனிக்க வேண்டியவை தலைப்பகுதியைத் தாங்கும் கவையின் அகலமும், அதன் நீளமும், அதன்மேல் சுற்றியிருக்கும் பொருளும். நட், அதாவது கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் கம்பிகள் படியும் சிறு துண்டு, இருக்கும் இடத்தில் வழக்கமான அக்கூஸ்டிக்கின் கழுத்து சுமார் 43 மில்லிமீட்டர் அகலம். கிளாசிக்கலில் அது 52. கவை குறுகலாக இருந்தால் கிளாசிக்கல் உள்ளேயே நுழையாது. மிக அகலமாக இருந்தால் ஒல்லியான தலைப்பகுதி கொண்டது நழுவும். ஆறு சாவிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைத் தலைப்பகுதியின் இரு தோள்களும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அசையாத கவையில் அது கோணலாகத் தொங்கும். அச்சில் சுழலும் கவை அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும். ஹெர்குலிஸ் கொக்கிகளில் எடை விழுந்ததும் தானாக மூடிக்கொள்ளும் விரல்கள் உண்டு. குழந்தைகளோ, கதவை அறைந்து சாத்துபவர்களோ உள்ள வீட்டில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. அக்கூஸ்டிக்கின் உடல் ஆழம் 10 முதல் 12 சென்டிமீட்டர் இருப்பதால், கொக்கிக் கையின் நீளம் போதாவிட்டால் முதுகு சுவரில் இடிக்கும். பலகையின் தடிப்பு இங்கே கைகொடுக்கும். அப்படியும் இடித்தால் படும் இடத்தில் ஒரு கார்க் துண்டை ஒட்டிவிடுங்கள்.

சுற்றியிருக்கும் ரப்பர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய கிடார்களில் ரப்பரும் வினைலும் மாதக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால், லாக்கர் இளகி, கொப்புளித்து, கொக்கியின் வடிவத்திலேயே தழும்பாகிவிடும். கிப்ஸன், மார்ட்டின் கிடார்களில் பலவற்றிலும் பழைய கிடார்களிலும் இந்தப் பூச்சு இருக்கும். இன்று குறைந்த, நடுத்தர விலையில் விற்பவற்றில் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு இருப்பதால் அவற்றுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால், கவையின் இரு கொம்புகளிலும் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். தோல் உறையும் நல்லதுதான். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்க, நமக்குத் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெட்டுத்துண்டு வாங்கும்போது சாயம் ஏற்றாத, பட்டைப் பதனிட்ட தோலாகக் கேளுங்கள். ஆவாரம்பட்டையில் பதனிடும் முறை இந்தப் பக்கத்துக்குப் புதியதல்ல. சாயமேற்றிய தோல் வெளிர் நிறக் கழுத்தில் கறையை விட்டுவிடும்.

இனி இடைவெளி. டிரெட்னாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக்கின் அகலம் 40 சென்டிமீட்டரை ஒட்டியது, கிளாசிக்கல் 37, எலக்ட்ரிக் சுமார் 33, பேஸ் 35 என்று கொண்டால், ஏழும் சேர்ந்து 251 சென்டிமீட்டர். இரண்டு கிடார்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் விட்டால் ஆறு இடைவெளிக்கு 60, மொத்தம் 311. உங்கள் 12 அடிச் சுவர் 365 சென்டிமீட்டர் என்பதால் இரு ஓரத்திலும் முக்கால் அடிக்கு மேல் மிஞ்சுகிறது, நெருக்கடியே இல்லை. கொக்கிக்கும் கொக்கிக்கும் உள்ள தூரத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக வைக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டின் அகலங்களையும் பாதியாக்கிக் கூட்டி, 10 சேர்த்தால் வருவதே சரியான தூரம்: இரண்டு டிரெட்னாட்களுக்கு இடையே 50, இரண்டு எலக்ட்ரிக்குகளுக்கு இடையே 43. எல்லா உடல்களும் சம இடைவெளியில் தெரிய இதுதான் வழி. கொக்கிகள் சம தூரத்தில் இருந்தால் உடல்கள் ஒழுங்கற்றுத் தெரியும். அறை சிறியதாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றை ஒரு சாண் இறக்கி மாட்டலாம். ஒன்றின் அகன்ற வயிறு அடுத்ததன் இடுப்பை ஒட்டி வருவதால் இடம் மிச்சமாகும். அதற்கு ஒற்றைப் பலகை போதாது, இரண்டு வேண்டும்.

உயரத்துக்கு 170 சென்டிமீட்டர் என்பது என் அளவு. கொக்கிக்குக் கீழே அக்கூஸ்டிக் 85 சென்டிமீட்டர் அளவுக்கும் பேஸ் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் தொங்கும். ஆக அடிப்பகுதி தரையிலிருந்து இரண்டடிக்கு மேலேயே நிற்கும், துடைப்பமும் மாப்பும் படாது. எட்டி எடுக்க முக்காலி தேவைப்படும் உயரத்தில் மாட்டினால், அந்தக் கிடாரை வாசிப்பதையே நாளடைவில் விட்டுவிடுவீர்கள். இரண்டு வரிசையாக அடுக்கும் ஆசையை நான் ஆதரிப்பதில்லை. மேல் வரிசை கூரைச் சூட்டுக்கும் மின்விசிறிக்கும் அருகே போய்விடும். விளக்கு வேண்டுமென்றால் எல்இடி பட்டை போதும். ஹாலோஜன் வேண்டாம்.

கண்ணாடி அலமாரி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். தூசியும் பூச்சியும் நுழையாது, ஈரப்பதமும் மெல்லத்தான் மாறும். விலையுயர்ந்த ஒரு பழைய கிடார் இருந்தால் அதற்கு மட்டும் செய்யலாம். ஆனால் வெயில் படும் இடத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் காற்று, வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே இருப்பதுபோல் ஆகிவிடும்; பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை இளகுவதற்கு அது போதும். புதுப் பிளைவுட்டும் வார்னிஷும் வாடை போகும்வரை உள்ளே எதையும் வைக்கவும் கூடாது. ஏழுக்கும் சேர்த்துச் செய்வது செலவு என்பது ஒருபுறமிருக்க, கதவைத் திறந்து எடுக்க வேண்டிய கிடாரைக் கை தேடிப் போவதில்லை.

திறந்த சுவருக்கு உள்ள உண்மையான தொல்லை குளவி. ஒலித்துளை வழியாக உள்ளே போய், பலகையை உள்ளிருந்து தாங்கும் பிரேஸ் கட்டைகளின் மூலையில் செம்மண் கூடு கட்டிவிடும். வெளியிலிருந்து தெரியாது, கிடாரை அசைத்தால் உள்ளே மண் உருளும் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். ஈரம் வைத்துக் கரைக்க முயலாதீர்கள். உலர்ந்த நிலையிலேயே மரக்குச்சியால் மெல்ல நெம்பி உதிர்த்து, குலுக்கிக் கொட்டிவிட வேண்டும். பல்லியும் அதே துளையில் முட்டையிடும். அதிகம் வாசிக்காத அக்கூஸ்டிக்குகளுக்கு ரப்பர் அல்லாத ஒலித்துளை மூடி ஒன்றைப் போட்டு வைப்பதில் தவறில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழையும் ஆண்டு முழுவதும் சுவரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. எலக்ட்ரிக் மூன்றும் பேஸும் ஒட்டுப்பலகை அக்கூஸ்டிக்கும் எப்போதும் அங்கேயே இருக்கட்டும். ஒற்றை மரப்பலகை மேல்பாகம் கொண்டவை மட்டும் சித்திரையில் ஈரமானி 40-க்குக் கீழே காட்டத் தொடங்கியதும் பெட்டிக்குள் போகட்டும். உள்ளே ஒலித்துளை ஈரப்பஞ்சு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் 70-க்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் அப்போதும் பெட்டிதான், ஈரப்பஞ்சுக்குப் பதில் சிலிக்கா ஜெல் பைகளோடு. கம்பிகளை முழுதும் தளர்த்திவிடாதீர்கள். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாமல் கழுத்தைப் பின்னோக்கி வளைக்கும். வாசிக்காத காலத்தில் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்தால் போதும். வெறுமையாக நிற்கும் அந்தக் கொக்கிகளில் அந்த மாதங்களுக்கு வேறு எதையாவது மாட்டிக்கொள்ளலாம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மாட்டியிருக்கும் கிடாரின் கம்பிகள் எதற்கும் அடைபடாமல் இருப்பதால், அவற்றின் சுருதிக்கு ஒத்த அதிர்வு அறையில் எழுந்தால் தாமும் அதிரும். மின்விசிறியின் இரைச்சல், மாடிப்படியில் ஓடும் கால்கள், நெடுஞ்சாலையில் போகும் கனரக வண்டி, எதுவும் போதும். அக்கூஸ்டிக்கின் உடல் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. அது இல்லையென்றால் கம்பிகளின்மேல் பல்லி ஓடியிருக்கும். நட்டுக்கு அருகே கம்பிகளுக்கு இடையில் மேலும் கீழுமாக ஒரு ஃபெல்ட் பட்டையைப் பின்னிவிட்டால், பெரும்பாலும் அன்றிரவே ஓசை நின்றுவிடும். ஆனால் ஆணியிலிருந்து அதை உடனே இறக்கிவிடுங்கள். சுருதிச் சாவியின் தண்டில் கயிற்றைக் கட்டி ஆணியில் மாட்டியிருந்தால், முழு எடையும் அந்த ஒரு சாவியின் பல்சக்கரத்தின்மேல் விழுகிறது.